மணற்காட்டு நீலப்பூ

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலம் என்றதும் வானளாவும் மாடங்கள் நிறைந்த நியூயார்க் மாநகரமே நம் மனக்கண்முன் வந்து நிற்கும். ஆனால் அம்மாநிலத்தின் தலைநகரம் அதுவன்று. அங்கிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 150 மைல் வடக்கே, ஹட்சன் ஆற்றின் கரையில் அமைந்துள்ள ஆல்பனி என்னும் அமைதியான நகரமே தலைநகரம். அந்நகரின் புறத்தே எங்கள் மகளின் குடும்பம் வாழ்ந்து வருகிறது. பேத்தியைக் காணச் சென்ற நாங்கள் அங்கே ஒரு காட்டையும், அக்காட்டில் ஒரு பூவையும், அப்பூச்செடியை நம்பி வாழும் ஒரு சிற்றுயிரையும் கண்டோம். அச்செடியை வீட்டில் வளர்க்க முனைந்து ஒரு பிழையும் செய்தோம். பிழை எதுவென்று அறியவும் அதைத் திருத்தவும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. அந்த அனுபவத்தை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயனுள்ளதாக இருக்கும் என்று கருதுகிறோம்.

கடலில்லாத ஊரில் மணல்மேடு

ஆல்பனிக்கும் அதன் வடமேற்கே உள்ள ஸ்கெனெக்டடி நகருக்கும் இடையே ‘பைன் புஷ்’ என்னும் காடு பரந்து கிடக்கிறது. காடு என்றவுடன் அடர்ந்த மரங்களையும் இருண்ட நிழலையும் எண்ணிவிட வேண்டாம். இங்கே காலை வைத்தால் மணல் புதைகிறது. மேடும் பள்ளமுமாக மணற்குன்றுகள். அவற்றின்மீது இடைவெளிவிட்டு நிற்கும் பைன் மரங்கள். இடையிடையே ஆளுயரம்கூட இல்லாத குட்டை ஓக் புதர்கள். மற்றபடி வெயில் தாராளமாக விழும் புல்வெளி. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடுகளைக் கண்டவர்கள், அந்தச் செம்மணலை வெளிர்மஞ்சள் மணலாக மாற்றிக் கற்பனை செய்துகொண்டால் இந்த இடத்தை ஓரளவு மனத்தில் காணலாம்.

கடல் நூறு மைலுக்கு அப்பால் இருக்க, இவ்வளவு மணல் இங்கே எப்படி வந்தது? பனியூழியின் முடிவில், உருகிய பனிப்பாறைகளின் நீர் இங்கே பெரியதோர் ஏரியாகத் தேங்கி நின்றதாம். ஆறு அடித்துக்கொண்டு வந்த மணல் அந்த ஏரியில் படிந்தது. பின்னர் ஏரி வடிந்துபோக, வெளிப்பட்ட மணலைக் காற்று வாரிக் குன்றுகளாகக் குவித்தது. இவை பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட நிகழ்ச்சிகள்.

இவ்வளவு பழமையான நிலம் இன்று நான்கு பக்கமும் நெருக்கப்பட்டுள்ளது. நாட்டின் பெரு நெடுஞ்சாலைகள் இதனை ஊடறுத்துச் செல்கின்றன. வீடுகளும் அங்காடிகளும் குப்பைமேடும் இதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. எஞ்சியதைக் காக்க 1988-ஆம் ஆண்டில் மாநிலச் சட்டத்தின்படி ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. இன்று மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதன் பாதுகாப்பில் இருக்கிறது. 2014-இல் இவ்விடம் தேசிய இயற்கைச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. எங்கள் மகளின் வீடு இக்காட்டின் விளிம்பிலேயே, ஒரு சிறு சாலைக்கு இப்பால் அமைந்திருக்கிறது.

முதல் சந்திப்பு

நாங்கள் முதன்முறை அங்குச் சென்றது ஒரு மே மாதத்தின் கடைசியில். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து, காலை உணவுக்குப் பின் அனைவருமாக அக்காட்டுக்குள் நடந்தோம். பேத்திக்கு அப்போது வயது எட்டு. அவளே எங்களுக்கு வழிகாட்டி. ஒரு மணல்மேட்டைச் சுற்றித் திரும்பியதும் எங்கள் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. எதிரே சரிவு முழுவதும் நீலம். தரையிலிருந்து ஒரு முழம், ஒன்றரை முழ உயரமுள்ள பூங்கதிர்கள் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நின்றன.

அருகே சென்று பார்த்தோம். ஒவ்வொரு பூவும் அவரைப் பூவின் சாயலில் இருந்தது. அதில் வியப்பில்லை, இச்செடியும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கதிரின் அடியில் பூக்கள் விரிந்திருக்க, நுனியில் மொட்டுகள் இன்னும் மூடிக் கிடந்தன. ஊதாவும் நீலமும் கலந்த நிறம். இடையே வெளிறிய கீற்று. இலையோ பூவினும் அழகு. நம் ஊர் இலவ மரத்தின் இலையைப்போல், ஒரு காம்பின் முனையிலிருந்து பல சிற்றிலைகள் விரல்களாகச் சுற்றிலும் விரிந்திருந்தன. இரவில் பெய்த பனியின் துளியொன்று அந்த வட்டத்தின் நடுவே மணிபோல் தங்கியிருந்தது. இலைகள் பகலெல்லாம் கதிரவனை நோக்கித் திரும்புவதால் அந்நாட்டு மக்கள் இதனைச் ‘சூரியக் கடிகாரச் செடி’ என்றும் அழைக்கின்றனர்.

செடியின் பொதுப்பெயர் காட்டு லூப்பின். 1753-இல் லின்னேயஸ் இதற்கு ‘லூப்பினுஸ் பெரென்னிஸ்’ என்று பெயர் சூட்டினார். சிறு வயதில் இலத்தீன் வழிபாட்டைக் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு அப்பெயர் உடனே புரிந்தது. ‘லூப்புஸ்’ என்றால் ஓநாய். இச்செடி வளரும் இடங்களெல்லாம் வளமற்ற மணலாக இருக்கக் கண்ட முன்னோர், மண்ணின் சத்தை இதுதான் ஓநாய்போல் தின்றுவிட்டது என்று நினைத்தார்களாம். உண்மை இதற்கு நேர்மாறானது. நம் உழவர் தழையுரத்துக்காக விதைக்கும் சணப்பும் கொழுஞ்சியும் செய்வதையே இதுவும் செய்கிறது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து ஏழை மண்ணுக்கு வளம் சேர்க்கிறது. கொடுப்பவனுக்குத் திருடன் என்று பெயர் வைத்த கதைதான்!

செடியும் வண்ணத்துப்பூச்சியும்

நாங்கள் பூக்களைச் சுற்றி வருவதைக் கண்டு, அங்கே தொண்டாற்றும் முதிய அம்மையார் ஒருவர் எங்களிடம் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. உதட்டில் விரல் வைத்து, ஒரு பூங்கதிரைச் சுட்டினார். அதன்மீது நம் கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று அமர்ந்திருந்தது. சிறகு விரித்தபோது வெள்ளி கலந்த நீலம் மின்னியது. ஓரத்தில் மெல்லிய கருங்கோடு. விரித்த சிறகின் அகலமே ஓர் அங்குலந்தான்.

“இதன் பெயர் கார்னர் நீலம். இந்த ஊரின் பெயரைத் தாங்கியது,” என்றார் அவர்.

அக்காட்டினூடே செல்லும் இருப்புப்பாதையில் முன்னாளில் கார்னர் என்றொரு சிறு நிலையம் இருந்தது. அங்குப் பிடிக்கப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து, இதனைத் தனி வகையென 1944-இல் பெயரிட்டவர் விளதீமிர் நபோக்கவ். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளரான இவர், அந்நாளில் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்துவந்தார்.

இப்பூச்சி ஆண்டுக்கு இரு தலைமுறை காண்கிறது. குளிர்காலத்தை முட்டையாகவே கழித்து, ஏப்ரலில் லூப்பின் துளிர்விடும்போது புழுவாக வெளிவருகிறது. மே இறுதியிலும் ஜூனிலும் முதல் தலைமுறை பறக்கிறது. அவை இட்ட முட்டைகளிலிருந்து வந்தவை ஜூலையிலும் ஆகஸ்டுத் தொடக்கத்திலும் பறக்கின்றன. சிறகு முளைத்தபின் பல பூக்களின் தேனை உண்ணும். ஆனால் புழுப்பருவத்தில் அதற்கு உணவு ஒன்றே ஒன்றுதான்: இந்தக் காட்டு லூப்பினின் இலை. பச்சைப் புழு இலையின் ஒருபுறத்தைச் சுரண்டித் தின்று, மறுபுறத் தோலைக் கண்ணாடிச் சன்னல்போல் விட்டுவைக்கும். எறும்புகள் அதைச் சூழ்ந்து நின்று, அது சுரக்கும் இனிய நீரைப் பருகி, பகைவர் அண்டாமல் காவல் காக்கும்.

ஒரே இலையை நம்பிய வாழ்வு ஆபத்தானது. மணற்காடுகள் அழிய அழிய, லூப்பின் குறைந்தது. லூப்பின் குறையக் குறைய, கார்னர் நீலமும் மறைந்தது. நியூயார்க் மாநிலம் 1977-இலும், நடுவணரசு 1992-இலும் இதனை அழியும் நிலையிலுள்ள உயிராக அறிவித்தன. கனடாவில் 1991-க்குப் பின் இது காணப்படவில்லை.

“மனிதர் வீடு கட்டியது மட்டுமன்று காரணம், தீயை அணைத்ததும் ஒரு காரணம்,” என்று அவ்வம்மையார் சொன்னபோது நாங்கள் திகைத்தோம். அவர் விளக்கினார். இம்மணற்காடு அவ்வப்போது தீப்பற்றி எரிந்து புதுப்பிக்கப்படும் காடு. பைன் மரத்தின் தடித்த பட்டை தீயைத் தாங்கும். குட்டை ஓக் வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். லூப்பினின் ஆணிவேர் மணலுக்குள் ஆழத்தில் தப்பியிருக்கும். தீயை முற்றிலும் தடுத்தால், வேறு மரங்கள் நெருங்கி வளர்ந்து நிழலைப் பரப்பும். வெயிலை விரும்பும் லூப்பின் நிழலில் மாண்டுபோகும். ஆகவே 1991 முதல், பயிற்சி பெற்றவர்கள் காற்றின் திசையும் ஈரமும் பார்த்துக் காட்டைப் பகுதி பகுதியாகத் திட்டமிட்டு எரிக்கின்றனர். முட்டைகளெல்லாம் ஒருசேர எரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பகுதி முறை. சில நூறாகச் சுருங்கியிருந்த இங்குள்ள கார்னர் நீலம், இத்தகைய பணிகளாலும், வளர்த்து விடுவிக்கும் முயற்சியாலும் பின்னர்ப் பல ஆயிரமாகப் பெருகியது.

ஆசையும் அவசரமும்

வீடு திரும்பும் வழியெல்லாம் பேத்தியின் மனம் அந்தப் பூச்சியிடமே இருந்தது. “தாத்தா, நம் வீட்டுப் பின்புறமும் மணல்தானே? நாமும் லூப்பின் வளர்த்தால் அது சாலையைத் தாண்டி நம் வீட்டுக்கும் வருமே?” என்றாள். அவள் படித்திருந்த ‘மிஸ் ரம்பியஸ்’ என்னும் சிறுவர் நூலும் அவ்வாசைக்கு நெய் வார்த்தது. பார்பரா கூனி எழுதி, ஓவியமும் தீட்டி 1982-இல் வெளியிட்ட அந்நூலில், உலகை இன்னும் அழகாக்க விரும்பிய மூதாட்டி ஒருத்தி ஊரெங்கும் லூப்பின் விதைகளைத் தூவிச் செல்கிறாள்.

பாதுகாப்பகத்தில் பூவோ விதையோ பறிக்கலாகாது. ஆகவே ஒரு கடையில் விதைப் பொட்டலம் வாங்கினோம். ‘காட்டு லூப்பின்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நீலப்பூவின் படமும் இருந்தது. அதற்குமேல் நாங்கள் எதையும் கேட்கவில்லை, படிக்கவும் இல்லை. நாங்கள் ஊர் திரும்பும் முன், அக்டோபர் மாதத்தில், பேத்தி தன் கையாலேயே விதைத்தாள்.

மறு வசந்தத்தில் முளைகள் தோன்றின. வாரந்தோறும் அவள் தொலைபேசியில் கணக்குச் சொல்வாள். பதினெட்டு செடிகள், முயல் தின்றதுபோகப் பதினான்கு, வேலி கட்டியபின் பன்னிரண்டு நிலைத்தன. பள்ளி விட்டு வந்ததும் களை பறித்தாள். மழையில்லா வாரங்களில் குடிநீர்க் குவளையால் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாம் ஆண்டு மே மாதம் நாங்கள் மறுபடி சென்றபோது, வீட்டுக்குள் பெட்டியை வைக்கவும் விடாமல் எங்களைப் பின்புறத்துக்கு இழுத்துச் சென்றாள்.

பன்னிரண்டு செடிகளும் பூத்துக் குலுங்கின. அவளுடைய மார்புவரை உயர்ந்த கதிர்கள்! நெருக்கமாகப் பூக்கள், நீலத்தோடு இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சில. காட்டில் கண்டவற்றைவிட இவையே சிறந்தவை என்று நாங்களும் புகழ்ந்தோம். ஆனால் அந்த மே கழிந்து ஜூனும் பாதி ஆயிற்று. சாலைக்கு அப்பால் கார்னர் நீலம் பறந்துகொண்டிருந்தது. எங்கள் பூக்களுக்குத் தேனீக்கள் வந்தன, வண்டுகள் வந்தன. ஆனால் ஓர் இலையிலும் அந்தக் கண்ணாடிச் சன்னல் விழவில்லை.

இலையை எண்ணிய நாள்

காரணம் அறிய, பேத்தி அந்த அம்மையாரை வீட்டுக்கே அழைத்து வந்தாள். அவர் பூக்களைப் பார்த்ததும் முகம் சற்று வாடியது; எனினும் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. “நீயே கண்டுபிடி. காட்டிலுள்ள இலையில் எத்தனை விரல்கள்? இதில் எத்தனை? ஓர் இலையை எண்ணிவிட்டு முடிவு செய்யாதே, பத்து இலைகளை எண்ணு,” என்று மட்டும் சொன்னார்.

ஒரு தாளை இரண்டாக மடித்துக்கொண்டு நாங்கள் நால்வரும் சாலையைக் கடந்தோம். காட்டுச் செடியில் ஒன்றும் பறிக்காமல், நின்ற நிலையிலேயே எண்ணினோம். எட்டு, ஒன்பது, எட்டு, ஏழு, பத்து. வீட்டுச் செடியில் எண்ணினோம். பதின்மூன்று, பதினைந்து, பதினான்கு, பன்னிரண்டு, பதினாறு. தாளின் இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று சேரவேயில்லை.

இருவகைக்கும் உள்ள வேறுபாட்டை அம்மையார் அதன்பின் விளக்கினார். காட்டு லூப்பினின் இலையில் பெரும்பாலும் 7 முதல் 11 சிற்றிலைகள், அவை இரண்டு அங்குலத்துக்கு மேல் நீள்வது அரிது, நுனி மழுங்கியிருக்கும். செடி இரண்டடிக்கு மேல் வளர்வதில்லை. பூங்கதிர் சற்றுத் தளர்வாக இருக்கும். எங்கள் தோட்டத்தில் இருந்ததோ மேற்குக் கரையின் பேரினம். சிற்றிலைகள் 17 வரை செல்லும், நீளம் நான்கு அங்குலத்தையும் தாண்டும், நுனி கூர்மையானது. செடி நான்கைந்து அடி உயரும், கதிர் நெருக்கமானது. 9, 10, 11 என்ற எண்கள் இரண்டிலும் வரக்கூடும். அதனால்தான் ஓர் இலையை நம்பாமல் பல இலைகளையும், உயரத்தையும், நுனியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்த மேற்கத்திய இனத்தின் அறிவியல் பெயர் ‘லூப்பினுஸ் பாலிஃபில்லுஸ்’. கிரேக்கத்தில் ‘பல இலை உடையது’ என்பது அதன் பொருள். பெயரிலேயே அடையாளம் இருந்தது. பொட்டலத்திலோ அந்தப் பெயரே இல்லை.

அச்செடியின் வரலாறும் சுவையானது. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கே உரியது அது. 1826-இல் டேவிட் டக்ளஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுச் செடி சேகரிப்பாளர் வழியாக அது இங்கிலாந்து சென்றது. யார்க் நகரின் ஜார்ஜ் ரசல் என்னும் எளிய தோட்டக்காரர் பல்லாண்டுகள் பொறுமையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து, பல வண்ணம் கொண்ட கதிர்களை உருவாக்கினார். 1937-இல் அவை கண்காட்சியில் வைக்கப்பட்டதும் உலகமே விரும்பியது. இன்று தோட்ட லூப்பின் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்த மரபே. அமெரிக்காவின் கிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் மாநிலத்தில் சாலையோரமெல்லாம் பூத்து, ஆயிரக்கணக்கானோர் படமெடுத்துச் செல்வதும் இதுவே. அந்த மாநிலத்தில் மண்ணுக்குரிய காட்டு லூப்பின் அறவே மறைந்துவிட்டது. சாலையோரப் பூக்களைக் கண்டு மகிழ்வோரில் பலர் அவையே அம்மண்ணின் செடி என்று நம்புகின்றனர்.

“இருந்தால்தான் என்ன? இதுவும் கடவுள் படைத்த செடிதானே?” என்று எங்களில் ஒருவர் கேட்டோம்.

“அதன் இடத்தில் அதுவும் நல்ல செடிதான்,” என்றார் அம்மையார். “ஆனால் உங்கள் வீட்டுக்கும் காட்டுக்கும் இடையே ஒரு சாலைதான் இருக்கிறது. தேனீ அதைக் கணப்பொழுதில் கடந்துவிடும். இரண்டின் மகரந்தமும் கலந்து கலப்புச் செடி உண்டாகக்கூடும். விதையும் பரவும். அந்தப் புழுவுக்கு உள்ள ஒரே உணவைக் கலப்படமாக்க நாம் துணிய வேண்டுமா?” பிறகு பேத்தியின் தோளில் கை வைத்து, “முடிவு உங்களுடையது. காய் முற்றுவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது,” என்று கூறிவிட்டுச் சென்றார்.

அன்று இரவு வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. மூன்று ஆண்டு உழைப்பு. பேத்தியின் கையால் வளர்ந்த செடிகள். பூவை மட்டும் கிள்ளிவிட்டுச் செடியை வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் மகள் சொன்னாள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு கதிரும் தப்பாமல் யார் கிள்ளுவது என்று மருமகன் கேட்டார். பேத்தி பேசவில்லை, அழுதாள். அவள் அழுததைக் கண்டு, செடிகள் இருக்கட்டும் என்று சொல்லும் ஆவல் எங்களுக்கு எழுந்தது. பாட்டன் பாட்டியின் பாசம் அத்தகையது. ஆயினும், பொட்டலத்தைப் படிக்காமல் வாங்கிக் கொடுத்த பெரியவர்கள் நாங்களே. அந்தக் குற்றத்தைச் சலுகையால் மூடுவது நேர்மையன்று என்று வாயடைத்து இருந்தோம்.

மறுநாள் விடியற்காலை கதவு திறக்கும் ஓசை கேட்டு எழுந்தோம். அவள் மண்வெட்டியுடன் பின்புறத்தில் நின்றாள். “தாத்தா, பூக்களை மட்டும் வெட்டிப் பாட்டியிடம் கொடுங்கள். குடுவையில் வைக்கலாம்,” என்றாள். பிறகு எல்லாரும் சேர்ந்து தோண்டினோம். ஆணிவேர் ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு மேல் மணலுக்குள் சென்றிருந்தது. பன்னிரண்டையும் எடுத்து முடிக்க நண்பகல் ஆயிற்று. இதன் விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கி எழ வல்லவை என்பதால், அவ்விடத்தை இன்றும் கண்காணித்து வருகின்றனர்.

மீண்டும் விதைத்தோம்

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், அப்பகுதியின் மண்ணுக்குரிய செடிகளை மட்டும் வளர்க்கும் சிறிய நாற்றுப்பண்ணை ஒன்றைத் தேடிச் சென்றோம். இம்முறை அறிவியல் பெயரைக் கேட்டோம். விதை எந்த ஊர்ச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் கேட்டோம். கேள்வியால் அவர்கள் சினம் கொள்ளவில்லை, மகிழ்ந்தனர்.

காட்டு லூப்பின் வளர்ப்பில் நாங்கள் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். விதையின் தோல் கல்போன்றது. அதை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்தோ, வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு ஊறவைத்தோ விதைக்கலாம். இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிட்டால் பனிக்காலமே அத்தோலை இளக்கிவிடும். வேர் முடிச்சுக்குரிய நுண்ணுயிர்ப் பொடியை விதையோடு கலப்பது நல்லது. கால் அங்குல ஆழம் போதும். களிமண் ஆகாது; தண்ணீர் தேங்காத மணலும் முழு வெயிலும் வேண்டும். உரம் இட வேண்டியதில்லை. ஏழை மண்ணே அதற்கு இனிய வீடு. ஆணிவேர் செடியாதலால் வளர்ந்தபின் பிடுங்கி நடலாகாது. விதைத்த இடமே நிலையிடம். முதலாண்டு இலை மட்டுமே வரும். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். கோடையின் நடுவே இலை பழுத்து உதிர்ந்தால் செடி செத்தது என்று வருந்த வேண்டாம், வேர் உறங்குகிறது. முற்றிய காய் வெயிலில் முறுக்கிக்கொண்டு, நம் காசித்தும்பைக் காயைப்போல் ‘பட்’டென வெடித்து விதைகளை எட்ட வீசும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: அவரையின் உறவு என்றாலும் காயையோ விதையையோ உண்ணலாகாது, அவற்றில் நஞ்சு உண்டு. குழந்தைகளுள்ள வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவைக்கவேண்டும்.

பழைய பாத்தியிலிருந்து சற்றுத் தள்ளி, வெயில் விழும் மூலையில் பேத்தி முப்பது விதைகளை ஊன்றினாள். இப்போது அவளுக்கு வயது பதினொன்று. ஊன்றிய இடத்தில் ஒரு சிறு பலகை நட்டாள். அதில் செடியின் முழுப்பெயர், விதை வந்த இடம், விதைத்த நாள் மூன்றும் எழுதியிருந்தன. “நாளை வேறு யாராவது இந்த வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கும் தெரியவேண்டுமல்லவா?” என்றாள்.

நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். இந்த வசந்தத்தில் அவளிடமிருந்து மடல் ஒன்று வந்தது. பத்தொன்பது முளைத்திருக்கின்றனவாம். இளஞ்செடியின் முதல் இலைகளில் சிற்றிலைகள் குறைவாகவே இருப்பதால், எண்ணிப் பார்த்து இன்னும் எதையும் முடிவு செய்ய இயலாது என்று பெரியவர்களைப்போல் எழுதியிருக்கிறாள். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். அதன்பிறகும் அந்த நீலச் சிறகு சாலையைக் கடந்து வருமா என்பது உறுதியில்லை. தான் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் செல்லும் இயல்பு அதற்குக் கிடையாது.

மடலோடு ஒரு தாளும் இணைத்திருந்தாள். இரண்டாக மடித்து நாங்கள் இலை எண்ணிய அதே தாள். அதன் பின்பக்கத்தில் புதிய கட்டங்கள் வரைந்து, வரும் ஆண்டுகளை வரிசையாக எழுதியிருக்கிறாள். கட்டங்கள் காலியாக இருக்கின்றன. “நீங்கள் வரும்போது சேர்ந்து எண்ணலாம்,” என்று கீழே குறித்திருக்கிறாள்.